காலைல மந்திரம் மாறினா, நேத்து போட்ட பூட்டு என்ன ஆகும்?

ஏரிக்கு அடியில முங்கிக் கிடக்குற ஒரு பழைய கோட்டை, அதுக்குள்ள ஒரு பெட்டி, அதை எடுத்துட்டு வரணும், இதுதான் எங்க டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆட்டத்துக்காக அந்த வாரம் நான் எழுதி வச்சிருந்த சவால். தண்ணிக்குள்ள எப்படி மூச்சு விடுறதுங்கிறதுக்கே ரெண்டு செஷன் ஓடும்னு நெனச்சேன், கரையில ஒரு மீனவக் கிழவி இருப்பா, மூச்சைப் பிடிச்சு வைக்கிற ஒரு பாசி அவகிட்ட இருக்கும், அதைக் குடுக்கணும்னா அவ ஒரு வேலை சொல்லுவா, அந்த வேலையில ஒரு சண்டை வரும், இப்படி எல்லாத்தையும் நோட்டுல எழுதி மேப்பும் வரைஞ்சு வச்சிருந்தேன். பார்ட்டி, அதாவது ஆடுறவங்களோட கேரக்டர் கூட்டம், சாயங்காலம் ஏரிக்கரைக்கு வந்துச்சு, தண்ணியப் பாத்துச்சு, கூடாரம் போட்டுத் தூங்கிடுச்சு. காலைல ட்ரூயிட்டா, அதாவது இயற்கை மந்திரவாதியா, ஆடுற நண்பர் "இன்னைக்கு லிஸ்ட்ல வாட்டர் பிரீத்திங் சேத்துக்கறேன்"னாரு. 10 பேர் வரைக்கும் 24 மணி நேரம் தண்ணிக்குள்ள மூச்சு விடலாம், ரிச்சுவலா, அதாவது நிதானமா சடங்கு மாதிரி போட்டா, அன்னைக்குப் போடக்கூடிய மந்திரக் கணக்குல (ஸ்லாட்) ஒன்னு கூட செலவாகாது, கூடுதலா 10 நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். கிழவிய யாரும் பாக்கவே இல்ல.

அவர் பண்ணது முழுக்க சரி, ரூல்ஸ்படி சரி, ஆட்டத்தோட உணர்வுப்படியும் சரி. ஆனா நான் கவனிக்காம விட்டது என்னன்னா, சவால் எழுதும்போது நான் அவரோட கேரக்டர் ஷீட்டைப் பாத்துட்டுதான் எழுதினேன், அதுல அந்த ஸ்பெல் (மந்திரம்) இல்ல. முந்தின நாள் இல்லாதது மறுநாள் காலைல இருந்துச்சு. இந்த ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டா டேபிள்டாப் கேம்ல சவால் எப்படி அமைக்கணும்ங்கிறதுல பாதி பிடிபட்டுடும்னு நான் உறுதியா நம்புறேன், அதுனாலதான் புதுசா டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துறவர்) ஆகுறவங்களுக்காக இதை விவரமா எழுதுறேன்.

முதல்ல கொஞ்சம் அடிப்படை, தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரி கேம்ல ஒருத்தர் டிஎம், அவர்தான் உலகத்தையும் அதுல உள்ள ஆபத்தையும் சொல்லுவாரு, மத்தவங்க ஆளுக்கு ஒரு கேரக்டர் எடுத்துக்கிட்டு "நான் இதைப் பண்றேன்"னு சொல்லுவாங்க, முடிவு தெரியாத இடத்துல டைஸ் உருட்டிப் பாப்பாங்க. மந்திரம் போடுற கேரக்டருக்கு ரெண்டு விஷயம் இருக்கு, எந்தெந்த ஸ்பெல் கைவசம் இருக்குங்கிறது ஒன்னு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை போடலாம்ங்கிற ஸ்லாட் கணக்கு இன்னொன்னு. ஸ்லாட் தீந்துட்டா பெரும்பாலும் 8 மணி நேரம் ஓய்வெடுத்தாதான் திரும்ப வரும், அதுக்குப் பேர் லாங் ரெஸ்ட். கேரக்டர் எவ்வளவு வளந்திருக்குங்கிறதுக்கு ஒரு லெவல், ஸ்பெல்லும் ஸ்லாட்டும் எவ்வளவு பலமானதுங்கிறதுக்கு தனியா ஒரு லெவல். ஒரு 5ஆம் லெவல் ட்ரூயிட்டுக்கு முதல் லெவல் ஸ்லாட் 4, ரெண்டாம் லெவல் 3, மூணாம் லெவல் 2. இந்த எண்ணைத்தான் புது டிஎம்கள் எல்லாரும் பாக்கறாங்க. ஸ்பெல்லை எப்போ தேர்ந்தெடுக்கலாம்ங்கிறதை அவ்வளவா பாக்கறதில்ல, ஆனா சவாலை உடைக்கிறதும் காப்பாத்துறதும் அந்த "எப்போ"தான்.

இதை டிபன் கேரியர் வச்சு யோசிச்சா சுலபமா புரியும். 1974ல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் முதல் டி அண்ட் டிய வெளியிட்டப்போ மந்திரவாதி பண்ணது என்னன்னா, காலைல ஒவ்வொரு அடுக்குலயும் ஒரு ஐட்டத்தைப் போட்டு மூடிட்டுக் கிளம்புறது, எழுத்தாளர் ஜாக் வான்ஸோட கதைகள்ல வர்ற மந்திரவாதிங்க மனப்பாடம் பண்ணிட்டுப் போவாங்களே, ஒரு தடவை சொன்னதும் மந்திரம் மனசுலேருந்து அழிஞ்சுடும், அந்த யோசனைதான் அது. ரெண்டு அடுக்குல தயிர் சாதம் வச்சா ரெண்டு தடவை தயிர் சாதம்தான், மத்தியானம் பூரி வேணும்னு தோணினா ஒன்னும் பண்ண முடியாது. கதவு திறக்குற மந்திரம் ஒன்னு எடுத்துட்டுப் போயி ரெண்டு கதவு வந்துட்டா, ரெண்டாவது கதவுக்கு கோடாலிதான்.

2000ல 3ஆம் பதிப்பு வந்தப்போ சோர்சரர்னு ஒரு புது கிளாஸ் (கேரக்டர் ரகம்) வந்துச்சு, அவருக்குத் தெரிஞ்ச ஐட்டம் கொஞ்சம்தான், ஆனா அடுக்கைக் காலியா எடுத்துட்டுப் போயி பசிக்கும்போது அங்கேயே சமைச்சுக்கலாம். அதே பதிப்புல நல்லவங்க பக்கம் இருக்குற கிளெரிக் (பூசாரி), காலைல கட்டிட்டு வந்த வேற மந்திரத்தை விட்டுட்டு அதே இடத்துல காயம் ஆத்துற மந்திரமா மாத்திக்கலாம்னு ஒரு ரூல் வந்துச்சு, சின்ன ரூலா தெரியும், ஆனா அதுக்கப்புறம்தான் கிளெரிக்குங்க எல்லா அடுக்குலயும் மருந்தை மட்டும் அடைச்சுட்டு வராம மத்த ஸ்பெல்லையும் தைரியமா எடுக்க ஆரம்பிச்சாங்க. 2014ல வந்த 5ஆம் பதிப்பு ரெண்டையும் கலந்துடுச்சு. விசார்ட் (புத்தகம் வச்சு மந்திரம் படிக்கிறவர்), கிளெரிக், ட்ரூயிட் எல்லாரும் காலைல ஒரு மெனு எழுதிக்கிறாங்க, நாள் பூரா அந்த மெனுல எதை வேணா, அதோட லெவலோ அதுக்கு மேலயோ உள்ள அடுக்குல, எத்தனை தடவை வேணா போட்டுக்கலாம், ஸ்லாட் இருக்குற வரைக்கும். 2024ல திருத்தி வந்த ரூல்ஸ்ல இன்னும் ஒரு படி மேல, 5ஆம் லெவல் விசார்ட் ஒரு மணி நேர ஷார்ட் ரெஸ்ட் எடுத்தாலே புத்தகத்தைப் பாத்து ஒரு ஸ்பெல்லை மாத்திக்கலாம்.

இந்த வரலாற்றை வரிசையா பாத்தா ஒன்னு தெரியும், பிரச்சனை என்னன்னு தெரியுற நேரத்துக்கும் விடைய தேர்ந்தெடுக்குற நேரத்துக்கும் நடுவுல இருக்குற இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு. முதல்ல தேர்வு, அப்புறம் பிரச்சனைன்னு இருந்தா அது முன்யோசனை, கொஞ்சம் சூதாட்டமும் கூட. முதல்ல பிரச்சனை, அப்புறம் தேர்வுன்னு ஆயிட்டா அது விடைத்தாளைத் திறந்து வச்சுக்கிட்டு பரீட்சை எழுதுற மாதிரி. அப்படி எழுதுற பரீட்சைக்கு "இதோட பேர் என்ன"ன்னு கேள்வி வச்சா அதுல அர்த்தமே இல்ல, வேற மாதிரி கேள்வி வைக்கணும். சவால் அமைக்கிறதும் அதேதான்.

உங்க டேபிள்ல மந்திரம் போடுறவங்க எந்த ரகம்னு முதல்ல பாத்துக்கோங்க. சோர்சரர், பார்ட், வார்லாக் இவங்கெல்லாம் லெவல் ஏறும்போதுதான் ஒரே ஒரு ஸ்பெல்லை மாத்த முடியும், அப்போ அவங்க கைல என்ன இருக்குன்னு உங்களுக்கு மாசக் கணக்குல தெரியும். விசார்ட் தினமும் மாத்தலாம் ஆனா அவர் புத்தகத்துல இருக்குறதுக்குள்ளதான், ஆரம்பத்துல 6 ஸ்பெல், லெவலுக்கு 2 கூடும், அதுக்கு மேல வேணும்னா எங்கயாவது மந்திரம் எழுதின சுருளோ வேற மந்திரவாதி புத்தகமோ கிடைக்கணும், ஸ்பெல்லோட ஒவ்வொரு லெவலுக்கும் 50 தங்கக் காசும் 2 மணி நேரமும் செலவு பண்ணி நகல் எடுக்கணும், ஆக விசார்டோட நெகிழ்ச்சி எவ்வளவுங்கிறது பாதி உங்க கைலதான் இருக்கு, நீங்க புதையல்ல என்ன சுருள் வைக்கிறீங்களோ அது. கிளெரிக்கும் ட்ரூயிட்டும் அப்படி இல்ல, அவங்களுக்கு அவங்க கிளாஸோட மொத்த லிஸ்டும் தினமும் காலைல திறந்திருக்கு. விஸ்டம்ங்கிற திறன் எண் 18 இருக்குற 5ஆம் லெவல் ட்ரூயிட் 2014 ரூல்ஸ்படி 9 ஸ்பெல் தயார் பண்ணலாம், அந்த 9ம் இன்னைக்கு ஒன்னு நாளைக்கு வேறயா இருக்கலாம். என் ஏரியில நடந்தது இதுதான், கேரக்டர் ஷீட்டைப் பாத்து நான் எழுதினேன், ட்ரூயிட்டுக்கு ஷீட்னு ஒன்னு நிலையாவே கிடையாது, லிஸ்ட்தான் ஷீட்.

புது டிஎம்கள் எழுதுற சவால்ல நெறைய பூட்டு-சாவி ரகம். பாறை செங்குத்தா இருக்கு, ஏற வழி இல்ல. கதவு பூட்டியிருக்கு. கல்வெட்டு புரியாத பாஷைல இருக்கு. இது ஒவ்வொன்னுக்கும் ஒரு ஸ்பெல் இருக்கு, பறக்க ஃப்ளை, பூட்டைத் திறக்க நாக், பாஷை புரிய காம்ப்ரிஹெண்ட் லாங்குவேஜஸ். சாவி கைல இருக்குறவனுக்கு பூட்டு ஒரு நொடி வேலை, இல்லாதவனுக்கு அது சுவர். ரெண்டுலயும் ஆட்டம் கம்மி. பூட்டு-சாவியோட உச்சம்னு சொல்லணும்னா ப்ரிஸ்மாட்டிக் வால்னு டி அண்ட் டிலயே ஒரு ஸ்பெல் இருக்கு, 7 நிறம் 7 அடுக்கு, சிவப்பை உடைக்கக் குளிர்ல அடிக்கணும், ஆரஞ்சுக்குப் பலமான காத்து, நீலத்துக்கு நெருப்பு, கடைசி ஊதாவுக்கு மந்திரத்தைக் கலைக்கிற டிஸ்பெல் மேஜிக், இப்படி ஒவ்வொன்னுக்கும் தனித்தனி விடை. ஒரே மூச்சுல உடைக்கணும்னா இது பயங்கரமான சவால், ஏன்னா 7 விடையும் சேத்து அன்னைக்குக் காலைல கைல இருந்திருக்கணும். ஆனா பார்ட்டி திரும்பிப் போயி தூங்கிட்டு சரியான லிஸ்டோட வரலாம்னா அது மளிகை லிஸ்ட் மாதிரி, ஒன்னொன்னா டிக் போட்டுட்டுப் போயிடுவாங்க. சுவர் அதேதான், ஒரு ராத்திரி தூக்கம் நடுவுல வந்ததும் கஷ்டம் காணாம போச்சு.

இதுக்கு பழைய காலத்துலேருந்து ஒரு வைத்தியம் இருக்கு, தடை போடுறது. கைகாக்ஸ் 1978ல வெளியிட்ட டூம் ஆஃப் ஹாரர்ஸ் சாகசத்துல சுவர் வழியா ஆவி மாதிரி ஊடுருவிப் போகலாம்னு யாராவது உடம்பை மாத்திக்கிட்டா, ஒவ்வொரு ரவுண்டும் 6ல 1 வாய்ப்புல ஒரு அசுரன் வந்து நிப்பான். அதுல கூட ஒரு நியாயம் இருக்கு பாருங்க, "வேலை செய்யாது"ன்னு சொல்லல, "செய்யும், ஆனா இந்த விலை"ன்னு சொல்லுது. நம்மள்ல பலபேர் செய்றது அதை விட மோசம், இந்த அறையில பறக்க முடியாது, இந்த மலையில டெலிபோர்ட் வேலை செய்யாது, இந்தப் பொணம் பேசாது. ஒரு பிளேயர் ஆசையா ஒரு ஸ்பெல்லை எடுத்துட்டு வந்திருக்காரு, அது உதவுற ஒரே நாள் இது, அன்னைக்கு நீங்க கதவை சாத்துறீங்க. ஒரு தடவை ரெண்டு தடவை பொறுத்துப்பாங்க, அப்புறம் நெருப்பு உருண்டை மட்டும்தான் எடுப்பாங்க, ஏன்னா அதை மட்டும்தான் நீங்க தடுக்கல. அப்படி ஆன டேபிளை நான் பாத்திருக்கேன், ரொம்ப வருத்தமா இருக்கும்.

அப்போ என்ன பண்றது? என் அனுபவத்துல டிஎம் கைல உண்மையா இருக்குறது மூணு விஷயம், என்ன தகவல் எப்போ தெரியுது, நேரம் எப்படி ஓடுது, மந்திரம் போட்டதுக்கு அப்புறம் உலகம் என்ன பண்ணுது. ஸ்பெல் தேர்வு அவங்களோடது, அதுல நாம கை வைக்கவே வேண்டாம்.

தகவல்லேருந்து ஆரம்பிக்கறேன். சிவப்பு டிராகனுக்கு நெருப்பு ஒன்னும் பண்ணாது. ஃபயர்பால் ஒன்னையே நம்பி வந்த சோர்சரருக்கு அந்தச் சண்டைல அது கை வெறுமையாப் போன மாதிரி, ஆனா விசார்டுக்கு முந்தின நாளே "மலை மேல இருக்குறது சிவப்பு டிராகன்"னு தெரிஞ்சிருந்தா காலைல ஃபயர்பாலை விட்டுட்டு மின்னல் அடிக்கிற லைட்னிங் போல்ட்டை வச்சுக்குவாரு, வித்தியாசம் சண்டைல இல்ல, அந்த ஒரு வரித் தகவல்ல இருக்கு. அதுனால நெகிழ்ச்சியான தேர்வு இருக்குற பார்ட்டிக்குத் தகவல் தேடுறதுதான் முதல் சவால். மலையடிவார ஊர்ல எரிஞ்ச வயல் இருக்கா, செதில் ஏதாவது கிடக்குதா, யாரு பாத்தது, பாத்தவன் உண்மை சொல்றானா, அந்த ஆளைத் தேடி அரை நாள் போகணுமா, போனா அங்க என்ன நடக்கும். ஓசியில தகவல் குடுத்தா மறுநாள் காலைல அது விடையா மாறிடும், கொஞ்சம் உழைச்சு வாங்கின தகவலா இருந்தா அந்த விடை அவங்க சம்பாதிச்சதா ஆகும். ஒரு விஷயம் முக்கியம், பொய்த் தகவலை மட்டும் கொட்டாதீங்க, அப்புறம் யாரும் எதையும் விசாரிக்க மாட்டாங்க. அரைகுறைத் தகவல் நல்லது. "உள்ள ஏதோ பெருசா இருக்கு, தண்ணி கொதிக்குது"ங்கிறது விடையைச் சொல்லாம யோசிக்க வைக்குது, அந்த 9 இடத்துல எதை உள்ள கொண்டுவரலாம் எதை வெளிய விடலாம்னு பிளேயர் பத்து நிமிஷம் தலையைப் பிச்சுக்குவாரு, அந்தப் பத்து நிமிஷமே நல்ல கேம்.

அடுத்தது நேரம். 5ஆம் பதிப்பு ரூல்ஸ்படி 24 மணி நேரத்துல ஒரு லாங் ரெஸ்ட்தான் எடுக்கலாம், 2014 டிஎம் கைடு ஒரு நாளைக்கு 6லேருந்து 8 வரைக்கும் நடுத்தரமோ கடினமோ ஆன மோதல்கள் வரும்ங்கிற கணக்குல எழுதப்பட்டது. நெஜத்துல பல டேபிள்ல ஒரு நாளைக்கு ஒரு மோதல்தான் நடக்குது, வேலைக்குப் போறவங்க ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் ஆடுறாங்க, அதுல 8 எங்க வரும். ஆனா எண்ணைப் பிடிச்சு தொங்க வேணாம், கேக்க வேண்டிய கேள்வி ஒன்னுதான்: பார்ட்டி இப்போ திரும்பிப் போயி தூங்கிட்டு வேற லிஸ்டோட வந்தா என்ன நஷ்டம்? "ஒன்னும் இல்ல"ன்னா உங்க சவால் சாவி தேடுற வேலைதான், வேற ஒன்னும் இல்ல. விடிஞ்சா கைதிய தூக்குல போடுறாங்க, மழை வந்து ஆத்துப்பாலம் போயிடும், எதிரிக்கும் ராத்திரி 8 மணி நேரம் இருக்கு அவனும் சும்மா இருக்க மாட்டான், இப்படி ஏதாவது ஒன்னு இருந்தா தூக்கம் ஒரு விலை உள்ள பொருளா மாறும். டைனி ஹட்ங்கிற மந்திரக் கூடாரத்தைப் போட்டு டன்ஜன் நடுவுலயே தூங்குற பார்ட்டிக்கும் இதேதான், அந்தக் கூடாரத்தை உடைக்கப் போராடாதீங்க, உள்ள அவங்க நிம்மதியா தூங்கட்டும், வெளிய 8 மணி நேரம் ஓடுது, காவல்காரங்க பாத்துட்டாங்கன்னா விடியும்போது கூடாரத்தைச் சுத்தி யாரு நிப்பாங்கன்னு யோசிங்க. அதுக்காக எல்லா வாரமும் கடிகாரத்தை ஓட விடாதீங்க, எப்பவும் அவசரம்னா மனுசனுக்கு அலுத்துடும், திட்டம் போட்டுத் தயாராகி வர்றதுக்கும் சில வாரம் இடம் குடுக்கணும், அது அந்த கிளாஸ் ஆடுறவங்களோட சந்தோஷம்.

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, விலையும் விளைவும். இங்க ஸ்பெல் விளக்கத்தையே நிதானமா வாசிச்சா டிஎம்முக்குத் தேவையானது பாதி அதுலயே இருக்கு. நாக் கதவைத் திறக்கும், ஆனா 300 அடி தூரம் கேக்குற மாதிரி சத்தம் போடும். அப்போ கதவு சவால் இல்ல, அந்தச் சத்தத்தை யார் கேக்கறாங்கங்கிறதுதான் சவால், ரோகு (திருட்டு வேலைல கை தேர்ந்தவன்) ஆடுறவர் சத்தமில்லாம பூட்டைத் திறக்குற திறமைக்கும் மதிப்பு வருது. ஃப்ளை மூணாம் லெவல் ஸ்லாட்டுல ஒரே ஒரு ஆளைத்தான் 10 நிமிஷம் பறக்க வைக்கும், அதுவும் மந்திரம் போட்டவர் கவனம் சிதறாம இருக்கணும், நாலு பேர் பார்ட்டியில ஒருத்தர் மட்டும் பாறை மேல போயிட்டா, மேல அவர் தனியா நிக்கறாரு. கயிறு போடுற வரைக்கும் என்ன நடக்கும்? பாறை அப்படியேதான் இருக்கு, நாம கேக்குற கேள்விதான் மாறியிருக்கு.

கொலைத் துப்பறியுற கதை எழுதுறவங்க எல்லாரும் பயப்படுற ஸ்பெல் ஸ்பீக் வித் டெட், செத்தவன்கிட்டயே "உன்னைக் கொன்னது யாரு"ன்னு கேட்டுடலாம். கிளெரிக் 5ஆம் லெவல் வந்துட்டா எந்தக் காலைலயும் இதை லிஸ்ட்ல சேத்துக்கலாம். பல டிஎம்கள் உடனே பொணத்தோட தலைய வெட்டிடுவாங்க, வாய் இல்லாட்டி பேச முடியாதுங்கிற ரூலைப் பிடிச்சுக்கிட்டு. எல்லாக் கொலையிலயும் தலை இல்லன்னா அந்த உலகத்தை யார் நம்புவாங்க? நான் வேற மாதிரி பண்ணிப் பாத்தேன், ஸ்பெல் கண்டிப்பா வரும்னு வச்சுக்கிட்டே கதைய எழுதினேன். 5 கேள்விதான் கேக்கலாம், செத்தவனுக்கு உயிரோட இருந்தப்போ தெரிஞ்சது மட்டும்தான் தெரியும், பதில் சுருக்கமா பூடகமா வரும், கேக்குறவன் எதிரின்னு தோணினா உண்மை சொல்லணும்னு கட்டாயமும் இல்ல, ஒரு தடவை பேசிட்டா 10 நாளைக்குத் திரும்பப் பேச முடியாது. என் கதையில செத்துப் போன வட்டிக்கடைக்காரர் மனசார நம்பினது தம்பிதான் விஷம் வச்சான்னு. அவர் பொய் சொல்லல, அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், பின்னாடி நடந்த பாத்திரமாத்து அவருக்குத் தெரியாது. பார்ட்டி 5 கேள்விய என்னென்ன கேக்கலாம்னு முக்கால் மணி நேரம் பேசினாங்க, பேப்பர்ல எழுதி அடிச்சு எழுதி, ஒருத்தர் "யாருன்னு கேக்க வேணாம், கடைசியா எங்க சாப்பிட்டீங்கன்னு கேப்போம்"னாரு, அந்த ஒரு கேள்விலதான் முடிச்சே அவுந்துச்சு. ஸ்பெல்லைத் தடுத்திருந்தா அந்த முக்கால் மணி நேரம் எங்களுக்குக் கிடைச்சிருக்காது. ஸோன் ஆஃப் ட்ரூத்தும் இதே ஜாதிதான், பொய் சொல்ல முடியாது ஆனா மாட்டிக்கிட்டவனுக்கு தான் மாட்டியிருக்கோம்னு தெரியும், வாயை மூடிக்கலாம், சுத்தி வளைச்சு உண்மையவே சொல்லலாம், பேச்சுத் திறமை உள்ள ஒரு வில்லனை அதுல நிக்க வச்சுப் பாருங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதை மறந்தா டேபிள்ல மனஸ்தாபம் வரும். சோர்சரர் ஆடுறவர் லெவல் ஏறும்போது யோசிச்சு யோசிச்சு ஒரு ஸ்பெல் எடுக்கறாரு, வாட்டர் பிரீத்திங்கே எடுத்தாருன்னு வச்சுக்கோங்க, அதுக்காக ஃபயர்பாலை விட்டிருக்காரு. அவர் குடுத்த விலை பெருசு. ட்ரூயிட் அதே ஸ்பெல்லை ஒரு காலைக்கு மட்டும் எடுத்துட்டு மறுநாள் திருப்பி வச்சுடுறாரு. அதுனால நிலையான தேர்வு பண்ணவங்களுக்காக தண்ணியோ பாறையோ வேற எதுவோ, முன்கூட்டித் தெரியாம திடீர்னு வர்ற பிரச்சனையா சில சமயம் வைங்க, அன்னைக்கு ட்ரூயிட் லிஸ்ட்ல அது இருக்காது, சோர்சரர் கைல எப்பவும் இருக்கும். பாத்ஃபைண்டர்ங்கிறது டி அண்ட் டி மாதிரி இன்னொரு கேம், அதோட 2ஆம் பதிப்பு இந்த நியாயத்தை ரூல்லயே எழுதி வச்சிருக்கு, 2019ல வந்தப்போ அதுல விசார்ட் பழைய டிபன் கேரியர் முறைதான், ஒவ்வொரு ஸ்லாட்டுலயும் இன்ன ஸ்பெல்னு காலைலயே அடைக்கணும், 2021ல நெகிழ்ச்சியா மாத்திப் போடுற ஒரு வழியும் குடுத்தாங்க, ஆனா அதை எடுத்தா ஸ்லாட் எண்ணிக்கை குறையும். நெகிழ்ச்சி வேணுமா, அளவைக் குறைச்சுக்கோ, எனக்கு இது ரொம்ப நேர்மையான கணக்கா தெரியுது.

இந்தக் கோட்டோட கடைசி முனை எப்படி இருக்கும்னு பாக்கணும்னா 1987ல வந்த ஆர்ஸ் மாஜிகாங்கிற கேமைப் பாக்கலாம், அதுல லிஸ்டே வேண்டியதில்ல, 5 வினைகளும் 10 பொருள்களும் இருக்கு, உருவாக்கு, அறி, மாத்து, அழி, ஆளு, இதை நெருப்பு, தண்ணி, மனசு, உடம்புன்னு எது கூட வேணா சேத்து அந்த நிமிஷமே ஒரு மந்திரம் கட்டலாம். ஆனா அப்படிக் கட்டினா உங்க சக்திய ரெண்டால வகுக்கணும், களைப்பும் வரும், களைப்பு வேணாம்னா அஞ்சால வகுக்கணும். எதையும் பண்ணலாம், ஆனா சின்னதாத்தான் பண்ண முடியும். அந்த கேம்ல "இவங்ககிட்ட இதுக்கு மந்திரம் இருக்குமா"ன்னு டிஎம் யோசிக்கிறதே வீண், எப்பவும் ஏதோ ஒன்னு இருக்கும், அதுனால சவால் எல்லாம் அளவைப் பத்தியும் பின்விளைவைப் பத்தியும்தான். டி அண்ட் டில விஷ்ங்கிற 9ஆம் லெவல் ஸ்பெல் வந்ததும் கிட்டத்தட்ட அங்கதான் போய் நிக்கறோம், 8ஆம் லெவல் வரைக்கும் உள்ள எந்த ஸ்பெல்லையும் அது அப்படியே செஞ்சு காட்டும்.

சரி, என் ஏரிக்குத் திரும்பறேன். கொஞ்ச மாசம் கழிச்சு அதே கோட்டையை வேற கதையில மறுபடி எழுதினேன், அதே பார்ட்டி, அதே ட்ரூயிட். இந்தத் தடவை வாட்டர் பிரீத்திங் வரும்னு எடுத்த எடுப்புலயே வச்சுக்கிட்டேன், எல்லாரும் சுகமா உள்ள நீந்திப் போகலாம், அதுல ஒரு தடையும் இல்ல. கோட்டைக்குள்ள ஒரு அறையில காத்து அடைபட்டு நிக்குது, அங்க 14 பேர் சிறைப்பட்டு இருக்காங்க, மேல கூரை விரிசல் விட்டு தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. அவங்களை வெளிய கொண்டு போகணும். ஸ்பெல் ஒரு தடவைக்கு 10 பேர். ஸ்லாட் செலவு பண்ணிப் போட்டா 6 நொடியில முடியும், ஆனா மூணாம் லெவல் ஸ்லாட் அவர்கிட்ட ரெண்டுதான், ரெண்டையும் இங்க போட்டா கோட்டையக் காவல் காக்குறது வந்து நிக்கும்போது கைல பெருசா ஒன்னும் இருக்காது. ரிச்சுவலாப் போட்டா ஸ்லாட் மிச்சம், ஆனா 10 நிமிஷம் ஆகும், சண்டைக் கணக்குல அது 100 ரவுண்டு, அந்த நேரம் பூரா கவனம் சிதறாம இருக்கணும், நடுவுல அடி வாங்கி கவனம் போச்சுன்னா முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.

டேபிள்ல கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் ஃபைட்டர் (போர்வீரன்) ஆடுறவர் "வாசலை நான் பாத்துக்கறேன், நீங்க ஆரம்பிங்க"ன்னாரு. ட்ரூயிட் ஒரு ஸ்லாட்டைச் செலவு பண்ணி குழந்தைங்களையும் வயசானவங்களையும் சேத்து 10 பேருக்கு முதல்ல போட்டாரு, ரோகு அவங்களைக் கூட்டிட்டு நீந்திப் போனாரு, மிச்சம் 4 பேருக்கு ரிச்சுவல் ஆரம்பிச்சுது. தண்ணி முழங்காலுக்கு வந்துச்சு. இடுப்புக்கு வந்துச்சு. வாசல்ல முதல் அடி விழுந்த சத்தம் கேட்டுச்சு, சண்டை ஆரம்பம், நான் ஃபைட்டரைப் பாத்து "இனிஷியேட்டிவ் உருட்டுங்க"ன்னேன்.